மாசிலாமணியின் பெருங்குடல்

எடுத்துவிடலாம் என்று டாக்டர் ஜெரால்டு சொன்னபோது எனக்கு முதலில் பல்தான் ஞாபகத்துக்கு வந்தது, பல்லைத்தானே எடுப்பார்கள், காலில் தைத்த முள்ளை எடுப்பார்கள், ஒரு மனுசனுடைய பெருங்குடலை முழுசாக, கிணற்றிலிருந்து வாளிக்கயிற்றைச் சுருட்டி எடுக்கிற மாதிரி, எடுத்துவிடலாம் என்று சொல்ல இவருக்கு எப்படி வாய் வருகிறது, ஆனால் அவர் வாயில் என்ன தப்பு, தப்பெல்லாம் வேறொரு வாயில், அந்த வாய் இப்போது ஆஸ்பத்திரியின் இரும்பு பெஞ்சில் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் வடிவு. என் வீட்டுக்காரி. உள்ளே கட்டிலில் கிடக்கிறவன் அவள் தம்பி மாசிலாமணி. அவனுடைய வாட்சையும் மோதிரத்தையும் அரைஞாண் கயிற்றையும் கழற்றி நர்ஸ் அவள் கையில் கொடுத்திருக்கிறாள், அவள் அதை முந்தானையில் முடிந்து, முடிந்த இடத்தைப் பிடித்தபடியே இருக்கிறாள். அவளிடம்தான் டாக்டர் சொன்னார், "முழு அளவு மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கும்போதே இவ்வளவு ரத்தம் போகுதுன்னா, அந்தக் குடல் இனிமே மருந்துக்கு அடங்காதும்மா. பழுத்து வெடிச்சிட்டா ஆளுக்கே ஆபத்து. சர்ஜன் மத்தியானம் வாராரு. எடுத்துடலாம்." முழு அளவு மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கும்போதே. இந்த இடத்தில்தான் நான் இருமினேன். இருமல் வரவில்லை, ஆனாலும் இருமினேன், டாக்டர் என் பக்கம் திரும்பினார், நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்தேன், அவர் போய்விட்டார். முழு அளவு மாத்திரை. மாசிலாமணி மாத்திரை போட்டுப் பல மாதம் ஆகிறது. இது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், ஒருத்தன் கட்டிலில், ஒருத்தன் பெஞ்சில்.

எதிர்ச் சுவரில் டிவி, சத்தம் இல்லாமல் ஒரு பெண் சாம்பார் தாளிக்கிறாள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற செருப்பில்லாத ஆள், வயல்காரர் மாதிரி இருக்கிறார், என்னைப் பார்த்து "யாருக்குங்கய்யா?" என்று கேட்டார், "மச்சினனுக்கு" என்றேன், "என்ன செய்யுது?" என்றார், என் நாக்கு இருக்கிறதே அது தானாகவே எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது, அது ஒன்றும் இல்லை அய்யா, போன மாதம் இவன் முழு பலாப்பழத்தை முள்ளோடு என்று ஆரம்பிக்கப் பார்த்தது, கடித்து அடக்கினேன், நிஜமாகவே கடித்தேன், நாக்கு நுனி இன்னும் எரிகிறது. மச்சினன் குடல் போகப்போகிறது, இந்த நாக்குக்குப் பலாப்பழம் கேட்கிறது. முப்பது வருசம் பாபநாசம் ரூட்டில் பஸ் ஓட்டினவன் நான், காரையாரில் சிறுத்தை கை காட்டி ஏறியது, கண்டக்டர் அதுக்கு அரை டிக்கெட் கிழித்தான், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் பஸ் பின்னாலேயே உருண்டு உருண்டு முந்தின நாள் சாயங்காலத்துக்கே போய்ச் சேர்ந்தது, இதையெல்லாம் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், "போரும் வே" என்று எழுந்து போவார்கள், மாசி மட்டும் சிரித்து முடித்துவிட்டு யோசிப்பான். "அப்பம் அந்த ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சம்பளம் குடுத்தாவளா அத்தான்?" அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் கடை, நாள் முழுக்கச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கிற கை, எதையும் நேராக்கிப் பார்க்கிற கண், ஆனால் நான் சொன்னால் கோட்டம் தெரியாது அவனுக்கு. ஒரு கதைக்காரனுக்கு அப்படி ஒரு காது கிடைத்தால் அவன் கெட்டான். இல்லை, காது கெட்டது.

எங்களுக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது, குடல் சம்பந்தம் உண்டு என்று நானே சொல்லிச் சிரிப்பேன். எனக்கும் அதே வியாதிதான், பெருங்குடலின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகிற வியாதி, எனக்கு முதலில் வந்தது, அவனுக்கு அப்புறம் வந்தது, நான்தான் கூட்டிக்கொண்டு வந்து இதே டாக்டர்கிட்ட காட்டினேன், அன்றைக்கு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க இருக்கையில எனக்கென்ன அத்தான்" என்றான். அப்புறம்தான் அந்தப் பொடி. கீழ்த்தளத்து மூலை அறையில் சாப்பாட்டு யோசனை சொல்கிற பெண், கண்ணாடி போட்ட பெண், என் எடையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "உங்களுக்குச் சதையே இல்ல அய்யா. குடல் புண்ணு ஆறணும்னா புதுத்தோல் வளரணும், அதுக்குப் புரதம் வேணும். உங்களுக்குப் பருப்பு ஒத்துக்கல, கறி செரிக்கல. இந்தப் பொடியைக் கலக்கிக் குடிங்க." பால் திரிந்தால் மேலே தெளிவாக ஒரு தண்ணீர் நிற்குமே, அதிலிருந்து எடுக்கிற புரதமாம். "வீக்கம் குறையுமாம்மா?" என்று நான் கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவள் பேனாவை மூடினாள். "குறையலாம்னு சில ஆராய்ச்சியில சொல்லுதாங்க அய்யா. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்கு வித்தியாசமே தெரியல. உறுதியா நான் சொல்ல மாட்டேன். மாத்திரைதான் மருந்து. இது பக்கத்துல நிக்கிற ஆளு." பக்கத்தில் நிற்கிற ஆள். எவ்வளவு அழகாகச் சொன்னாள், எவ்வளவு அளவாகச் சொன்னாள், அதை அப்படியே மாசியிடம் போய்ச் சொல்லியிருந்தால் என்ன, வாய் வெந்தா போயிருக்கும். நான் பொடியும் குடித்தேன், மாத்திரையும் போட்டேன், காலையில் பச்சை மாத்திரை ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளை தவறவில்லை, அடுத்த தடவை குழாயில் கேமரா விட்டுப் பார்த்தபோது டாக்டர் ஜெரால்டு "வீக்கம் நல்லா வத்தியிருக்கு" என்றார். பொடியாலா, மாத்திரையாலா, நான் ஊறுகாயை விட்டதாலா, யாருக்குத் தெரியும். அவரே தோளைக் குலுக்கினார். "எது கேட்டதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டையும் விட்டிராதிய" என்றார். விடவில்லையே. நான் விடவில்லையே. அதுதானே.

அதுதானே என்னைக் கொல்கிறது. நான் விடவில்லை. வடிவின் சித்தப்பா பேத்தி கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், நல்ல கூட்டம், எல்லோருக்கும் வயிறு நிறைந்த நேரம், கதைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது, யாரோ "என்னண்ணாச்சி, உடம்பு தேறிட்டே" என்றான், அவ்வளவுதான், நாக்கு வேட்டியை மடித்துக் கட்டிவிட்டது. மாத்திரையா? அந்த மாத்திரையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் படித்துறையில் நின்று ஆற்றில் வீசினேன்ல, கெண்டை மீன் எல்லாம் ஓடிவந்து தின்னுச்சு, தின்ன மீனுக்கெல்லாம் அடுத்த நிமிசம் மலச்சிக்கல், ஒவ்வொன்றும் கரையில் வந்து வாயைத் திறந்து என்னைத் திட்டுது. கூட்டம் உருண்டது. அப்புறம் பொடி. ரெண்டே டம்ளர், உள்ளே போனதும் பால் காய்ச்சுகிற மாதிரி ஒரு சத்தம், கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார், அய்யா இது எழுபது வயசுக் குடல் இல்லை, நேற்றுக் கல்யாணமான பையன் குடல். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது, கை கழுவப் போனார்கள், ஒருத்தன் மட்டும் போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பந்தியில் அவன் ரசத்தோடு நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். "அத்தான், மீனு கெடக்கட்டும். பொடி மட்டும் நெசமாவா? மாத்திரை போட்டா எனக்குத் தலை சுத்துது, சைக்கிள் ரிம்மைப் பாத்தா ரெண்டு ரிம்மாத் தெரியுது." அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு வாசல் திறந்திருந்தது, எட்டி அடி வைத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், ஏ மாப்ள, சும்மா சொன்னேன், தலை சுற்றுகிறது என்றால் டாக்டரிடம் சொல், மாற்றிக் கொடுப்பார் என்று சொல்லியிருக்கலாம், எவ்வளவு சின்னப் பேச்சு. ஆனால் அவன் முகம் இருந்ததே, பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி, அந்த முகத்துக்கு முன்னால் கதையைப் பாதியில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை, மனசா, ஆணவமா, ஏதோ ஒன்று, "நெசம்தான் மாப்ள. உங்க அக்கா மேல சத்தியம். டாக்டர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத, அவரு மாத்திரை வியாபாரம் படுத்துரும்" என்று கண்ணடித்தேன். கண்ணடித்தேன்! கண்ணடித்தால் பொய் என்று ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கு அது ரகசியம் என்று பட்டிருக்கிறது.

"ஏங்க, ஒரு வாய் காப்பி குடிக்கியளா?" என்கிறாள் வடிவு. வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அவளும் குடிக்கவில்லை. அவள் மேல் சத்தியம் செய்தது அவளுக்குத் தெரியாது, இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கை படுகிறது, அந்த முழங்கை வழியாகத் தெரிந்துவிடுமோ என்று கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். மாசியின் பெண்டாட்டி பம்பாயில், மகள் பிரசவத்துக்குப் போனவள், இன்னும் வரவில்லை, அவள் இருந்திருந்தால் மாத்திரை அட்டையை எண்ணி வைத்திருப்பாள், அவள் இல்லாத நேரம் பார்த்துக் கதை சொல்லியிருக்கிறேன் நான். பொடிக்கு மாறிய முதலில் மாசி நன்றாகத்தான் இருந்தான். அதுவும் ஒரு வினை. "பொடி கேக்குது அத்தான்" என்று போனில் சொன்னான், எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்ததா, புரியவில்லையா, புரிந்தும் கேட்காமல் விட்டேனா, மாத்திரையும் போடுகிறாய்தானே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போன் பில்லா கூடியிருக்கும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்திருப்பேன். இன்றைக்குக் காலையில், வடிவு டோக்கன் வாங்கக் கீழே போயிருந்தாள், கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உதடு வெடித்து, கையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்தோடு அவன் என்னைச் சாடையாகக் கூப்பிட்டான். காதைக் கொண்டு போனேன். திட்டப்போகிறான் என்று நினைத்தேன், அடப்பாவி என்று ஒரு சொல், அதை வாங்கிக்கொண்டால் இறங்கிப்போயிருக்கும் பாரத்தில் பாதி. "நான் டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லல அத்தான். மாத்திரை போட்டேன்னுதான் சொல்லிருக்கேன். நீங்க பயப்படாதிய." அதோடு விட்டானா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க பொடியைப் பால்லயா கலக்குனிய, தண்ணியிலயா? நான் தண்ணியில கலக்குனேன். அதான் எனக்குக் கேக்கல போல" என்றான்.

பாலிலா, தண்ணீரிலா. காலையிலிருந்து அது ஒன்றுதான் ஓடுகிறது, பாலிலா, தண்ணீரிலா, டிவியில் அந்தப் பெண் கரண்டியால் கிண்டுகிறாள், பாலிலா, தண்ணீரிலா, லிப்ட் கதவு மூடுகிறது, தண்ணீரிலா. குடல் போகப்போகிற நேரத்திலும் கலக்கின கையைச் சந்தேகப்படுகிறான், சொன்ன வாயைச் சந்தேகப்படவில்லை. குடலை எடுத்துவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு, ஓட்டையில் பை மாட்டி, பையில் மலம் இறங்கி, அதைக் கழற்றிக் கழுவி, அப்படியே கடைக்குப் போய், குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்து, குனிந்தால் பை மடங்குமா, காற்றடிக்கும்போது கழன்றுவிட்டால், வருகிறவன் மூக்கைப் பிடித்தால், நான் அங்கே போய் உட்கார்ந்து என்ன கதை சொல்வேன். சொல்லிவிட வேண்டியதுதான். டாக்டரிடம் போய், டாக்டர், இப்படி நடந்து போச்சு. எப்படி? அந்தக் கல்யாணத்தில் என்று ஆரம்பிக்க வேண்டும், பந்தி முடிந்து, பால் பாயசம் என்றால் அப்படி ஒரு பாயசம், கரண்டி நட்டால் நிற்கும், நிறுத்து, பார், பாயசம் வந்துவிட்டது, மறுபடி ஆரம்பி, டாக்டர், என் மச்சினன் வெள்ளை மனசுக்காரன், சின்ன வயசில் ஒரு தடவை, நிறுத்து. எந்தப் பக்கம் இருந்து ஆரம்பித்தாலும் கதை முந்திக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. உண்மையை எங்கே பிடித்துத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை, அதற்குக் கைப்பிடி இல்லை. இல்லாவிட்டால் சொல்லாமலே விட்டுவிட்டால்? ஒருவேளை மாத்திரை போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ, சில பேருக்குக் கேட்காது என்று அவர்களே சொல்கிறார்கள்தானே, ஆகியிருக்கும், நிச்சயம் ஆகியிருக்கும், நான் ஒருவன் சொல்லியா ஒரு குடல் கெடும். ஆகா, இதுவும் நல்ல கதைதான். இதுவரை நான் சொன்னதிலேயே நல்ல கதை, கேட்க ஒரே ஆள், அவனும் நம்பத் தயாராக இருக்கிறான்.

"மாசிலாமணி கூட வந்தவங்க யாரு?" நர்ஸ் வந்துவிட்டாள், கையில் காகிதம், காகிதத்தின் மேல் பேனா. "சர்ஜன் வந்துட்டாரு. பேஷண்ட் கையெழுத்துப் போட்டுட்டாரு, சொந்தக்காரங்க ஒருத்தரும் போடணும்." அவன் போட்டுவிட்டான். மூச்சுக்கூட விடாமல் குடலைக் கொடுத்துவிட்டான். வடிவு எழுந்து முந்தானை முடிச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பேனாவை வாங்கினாள், என்னைப் பார்த்தாள், "போட்டுரட்டுமா?" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டு என்ன பிரயோசனம் என்று கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டவள். "போடாத" என்றேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. எழுந்தேன், நர்ஸ் "அய்யா, உள்ள இப்ப..." என்றாள், கதவைத் தள்ளினேன், உள்ளே டாக்டர் ஜெரால்டும் இன்னொருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், மாசி என்னைப் பார்த்தான், பார்த்ததுமே புரிந்துகொண்டான், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். பாயசம் வரவில்லை. மீன் வரவில்லை. "டாக்டர், அவன் மாத்திரை போடல. மாசக் கணக்காப் போடல. பொடி மட்டும் குடிச்சான். நான்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன். அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை, நாக்கு துழாவிப் பார்த்தது, ஒன்றும் இல்லை. டாக்டர் ஜெரால்டு அவனைப் பார்த்தார். மாசி தலையை மெல்ல ஆட்டினான். "இல்ல டாக்டர். அத்தான் எப்பவும் இப்பிடித்தான், எதையாவது சொல்லுவாவ. கத்தி வச்சிருவாங்கன்னு பயந்து போயிட்டாவ. நான் மாத்திரை போட்டேன். ஒழுங்காப் போட்டேன்." எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்கள் இந்த ஆஸ்பத்திரியில் சொன்னவைதான், அதுவும் எனக்காக, எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறான் பாருங்கள், கோட்டம் இல்லாமல். சர்ஜன் வாட்சைப் பார்த்தார். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவர் அறையிலேயே சிறுத்தைக்கு அரை டிக்கெட் கிழித்த கதையைச் சொன்னவன்தானே நான். "பெரியவரே, இது விளையாட்டு இல்ல. இவர் சொல்லுறது நெசம்னா உடனே எடுத்தாகணும். நீங்க சொல்லுறது நெசம்னா இது மருந்துக்கு அடங்காத குடலே இல்ல, மருந்தே போகாத குடல். நான் யாரை நம்ப?"

"அவுகள நம்புங்க." எனக்குப் பின்னால் வடிவின் குரல். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. "இத்தனை வருசமா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன் டாக்டர். பொய்யின்னா இவ்வளவு சின்னதாச் சொல்ல வராது இவுகளுக்கு." கையெழுத்துப் போடாத காகிதத்தை நர்சிடம் திருப்பிக் கொடுத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. டாக்டர்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரமாகப் போய் என்னவோ பேசினார்கள், ஊசி, ஆரம்பத்திலிருந்து, பார்க்கலாம், ரத்தம் நின்றால், நிற்காவிட்டால் எடுத்துத்தான் ஆகவேண்டும், இப்படித் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது, சர்ஜன் கையுறையைக் கழற்றாமலே வெளியே போனார். மாசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு எங்கே ஆடுகிறது என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. "அப்பம் நீங்க மாத்திரையை விடவே இல்லையா அத்தான்?" "இல்ல மாப்ள." "தினமும் போட்டியளா?" "தினமும்." "கல்யாணத்தன்னைக்கும்?" "அன்னைக்கும்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் தண்ணீர் வேண்டும் என்றான். பாட்டில் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் அக்காவிடம் கேட்டான்.